மூன்றாம் வருஷத்து ஊசிகள்

மீன் காயவைத்த கொட்டகையைப் பிரித்த இடத்தில்
ஜப்பானிய பாணியில் ஒரு தோட்டம் என்றாள் ஹில்டா.
எவ்வளவு ஆகும் என்றேன்.
முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில்
நான் முதலில் கேட்பது அதுதான்.

நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
காற்று உப்போடுதான் வரும்.
சரளை வந்தாயிற்று. மூன்று பாறைகள் வந்தாயிற்று.
பாறைகளை வைக்க ஒரு ஞாயிறு,
அவளுக்குப் பிடிக்காமல் திருப்பி வைக்க இன்னொன்று.
இனி மரம்.
பனி மூடினாலும் பச்சையாய் நிற்கிற மரம்.

எஃபி ஸ்விக்கரின் நாற்றுப்பண்ணையில்
ஜூன் மாதச் சேறு, தொட்டி தொட்டியாய் ஊசியிலைகள்.
ஹினோக்கியின் இலை
மடித்து விரித்த விசிறி.
ஹில்டா அதன் முன்னால் பேச்சை மறந்து நின்றாள்.
"வீட்டுக்குப் பின்னால் ஒதுக்கமாய் வையுங்கள்" என்றாள் எஃபி,
"கடலைப் பார்த்து வைத்தால்
ஒரே குளிர்காலத்தில் ரொட்டி ஓரம்போல் தீய்ந்துவிடும்."

யூ மரம் கத்தரிக்கு வளைந்து கொடுக்கும்,
சொன்ன வடிவத்தில் உட்காரும்.
ஆனால் வேலிக்கு அப்பால்
கார்க்கமின் பெண்குதிரை இருக்கிறது.
எட்டிப் பார்க்காத நாளில்லை.
ஒரு வாய் யூ தின்றால் மறுநாள் குதிரை இருக்காது,
கார்க்கமும் நம்மோடு பேசமாட்டான்.
பட்டியலில் அடித்தோம்.

எனக்குப் பிடித்தது லார்ச்.
ஊசி என்று பேர்தான்,
பிறந்த குழந்தையின் தலைமுடி.
"அது நவம்பரில் மொட்டையாகிவிடும்."
ஹில்டா என்னைப் பார்த்தாள்.
தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.
கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

கடைசியில் கருப்பு பைன்.
உப்பு அதற்குப் பழக்கம், பிறந்த ஊரே கடலோரமாம்.
நேராய் வளர்ந்தவை எண்பது டாலர்.
ஒன்று மட்டும் இடுப்பில் ஒடிந்தாற்போல் சாய்ந்து
முப்பத்தைந்துக்கு நின்றது.
கோணலாய் இருக்கிறதே என்றேன்.
"நீ மட்டும்?" என்றாள்.
மீன் ஆலையின் மேஜைக்குக் குனிந்த முதுகு
பதில் சொல்லாமல் தொட்டியைத் தூக்கியது.

பத்து வருஷத்தில் ஆறடி என்றது சீட்டு.
வண்டி ஓட்டிக்கொண்டே
அப்போது எனக்கு என்ன வயது என்று கூட்டினேன்.
அவள் மடியில் ஹினோக்கியை வைத்துக்கொண்டு
எதையும் கூட்டவில்லை.

அக்டோபரில்
பைனின் உள்பக்கம் மஞ்சளாயிற்று.
ஒவ்வொரு காலையும் சரளைமேல்
இரண்டிரண்டாய் ஒட்டிய ஊசிகள்.
ஹில்டா எழுவதற்குள் பொறுக்கி
ரொட்டிப் பையில் சேர்த்து
ஒருநாள் எஃபியின் மேஜையில் கொட்டினேன்.
என்றும் பச்சை என்றுதானே விற்றாய்?

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.
"மூன்றாம் வருஷத்து ஊசி. போகிற நேரம்தான்.
மரம் என்றும் பச்சை என்றேன்.
இலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே."
பையைத் திருப்பிக் கொடுத்தாள்.
மண்ணில் போடு, வீணாக்காதே என்றாள்.

வாசலில்
விற்காமல் நின்ற அந்த லார்ச்
உச்சி முதல் அடி வரை பொன்னாய் இருந்தது.
விலை கேட்டேன்.
முதலில் கேட்கிற அதே கேள்வி,
ஆனால் பதில் வருமுன்பே
பணப்பை கையில் இருந்தது.

திரும்பும் வழியில் ஆலையின் சங்கு.
பகல் ஷிப்ட் வெளியே வர
இரவு ஷிப்ட் உள்ளே போனது.
சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பையன்
நான் நின்ற மூன்றாம் வாசலில் நுழைந்தான்.
இருபத்தாறு வருஷம்
அந்த ஜன்னல்களில் விளக்கு அணைந்து பார்த்ததில்லை.
சாலையில் போகிறவர்களுக்கு
உள்ளே எப்போதும் அதே ஆட்கள்.

வேலியோரம் யூவுக்கு வைத்திருந்த இடம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
ஹில்டாவிடம் என்ன சொல்வது என்று
பாலம் வரை யோசித்தேன்.
பின்கண்ணாடியில்
வண்டியின் தொட்டிலிலிருந்து
மஞ்சள் ஊசிகள் பறந்து
பின்னால் வந்த பள்ளிப் பேருந்தின்மேல்
விழுந்துகொண்டே வந்தன.